ஃபோன் காற்றுக்குத் தமிழில் என்ன?

வணக்கம். இங்கே சூரிச்சில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுவிஸ் காலநிலை பற்றிப் பாடம் எழுதுகிறேன், சனிக்கிழமை வேண்டும். தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஆல்ப்ஸில் ஏறி, தெற்கே டிச்சினோ பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வடக்கே வறண்டு சூடாகி இறங்குகிறதே, அதற்கு ஒரு சொல் தாருங்கள். வடபுறத்து அல்ட்டோர்ஃப் ஊரில் நடுக்குளிர்காலத்திலும் இது வீசினால் பனி மளமளவென்று உருகிவிடும். 'ஃபோன்' என்றால் தொலைபேசி என்கிறார்கள், 'ஃபேன்' என்றால் மின்விசிறி.

----

கோடை. ஜெர்மன் சொல்லே லத்தீன் ஃபவோனியுஸிலிருந்து வந்தது, அது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசுவது. நமக்கும் மேல்காற்று கோடைதான். அதோடு கோடு என்றால் மலைமுகடு, திருச்செங்கோட்டில் இருக்கிறதே அந்தக் கோடு. முகட்டிலிருந்து வருவது கோடை என்றே நான் கொள்கிறேன்.

----

ஐயா, அல்ட்டோர்ஃபில் அது தென்காற்று. 'சனவரியில் கோடை வீசும்' என்று படிக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? இறங்குவெங்காற்று என்பேன், காரணம் பெயரிலேயே இருக்கிறது. ஏறும்போது நீராவி மழையாகி வெப்பத்தை விடுவதால் 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 6 பாகைதான் குளிர்கிறது, வறண்டு இறங்கும்போதோ 10 பாகை சூடேறுகிறது.

----

புதிதாக ஏன் செய்கிறீர்கள்? மட்டக்களப்பில் இதற்குப் பேர் கச்சான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் இறங்கும்போது உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி உடனே காய்ந்து மொரமொரவென்று நிற்கும். வானிலை நூல்களும் கச்சானை ஃபோன் வகையில்தான் சேர்க்கின்றன.

----

கச்சான் என்றால் வறுத்த கடலை என்றுதானே பிள்ளைகளுக்குத் தெரியும்? வேர் காட்ட முடியாத வட்டாரச் சொல்லைக் கலைச்சொல் ஆக்கக்கூடாது.

----

வயல்காரர் வாயில் இருக்கிற சொல்லுக்கு வேர் எதற்கு, ஐயா? 'கச்சான் காற்று' என்று சேர்த்து எழுதினால் கடலைக் குழப்பம் வராது.

----

எல்லாருக்கும் நன்றி. பாடத்தில் 'கச்சான் காற்று' என்றே போடுகிறேன், முதல் தடவை மட்டும் 'மலையிலிருந்து இறங்கும் வெங்காற்று' என்று விளக்கத்தோடு. 1861இல் இந்தக் காற்றில் தீ பரவி கிளாருஸ் நகரின் பெரும்பகுதி எரிந்ததையும் சேர்த்திருக்கிறேன்.

----

வகுப்புக்குச் சரி, அக்கா. ஆனால் கச்சான் ஒரு பருவத்துக் காற்று, ஆல்ப்ஸில் வீசுவதோ சில நாளில் அடங்கிவிடும். நம் கலைச்சொற்பட்டியலில் 'இறங்குவெங்காற்று' தனியாக நிற்கட்டும், அதை எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

----

கோடையையும் சேருங்கள்.