மாங்காய்ப் பால் மணக்கும் போத்தல்: வீட்டில் ஜின்னும் பழமும் கலந்த அனுபவங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு ஊர்களிலிருந்து நால்வர் எழுதியவை; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் ஊர் இருக்கிறது.

கொக்குவில்

சென்ற ஆனி மாதம் இலண்டனிலிருந்து வந்த சித்தப்பா, விமான நிலையத்தில் வாங்கிய ஜின் போத்தல் ஒன்றை எங்கள் வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு, திறக்காமலே திரும்பிப் போய்விட்டார். எங்களுக்குத் தெரிந்த மது என்றால் ஒன்றில் சாராயம், இல்லையேல் தவறணையிலிருந்து வரும் பனங்கள்ளு. ஆகையால் தண்ணீர் போல் நிறமற்றிருந்த அந்தத் திரவத்தை என்ன செய்வதென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. மூடியைத் திறந்து மணந்து பார்த்த அத்தான், "தம்பி, இது மாங்காய்ப் பால் மணக்குதடா" என்று சொல்லிப் போத்தலைத் தள்ளி வைத்தார்.

அவர் நையாண்டியாகச் சொன்னதில் உண்மை இருந்தது என்பதைப் பின்னர் தேடிப் படித்தபோது அறிந்துகொண்டேன். ஜின்னுக்கு அதன் தனி மணத்தைக் கொடுப்பது ஜூனிப்பர். அதைப் பழம் என்று சொன்னாலும் உண்மையில் அது ஊசியிலைத் தாவரம் ஒன்றின் சதைப்பற்றுள்ள கூம்பு. அதிலிருக்கும் பைனீன் முதலான எண்ணெய்களும், காம்பை முறித்ததும் மாங்காயிலிருந்து வடியும் பாலுக்கு மணம் தருபவையும் தேர்ப்பீன் என்ற ஒரே இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அப்படியானால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில் தவறென்ன என்ற எண்ணத்தில்தான் முதல் முயற்சியில் இறங்கினேன்.

அது படுதோல்வி. நன்கு கனிந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இரண்டைத் தோல் சீவி, பிளெண்டரில் அடித்து, சீனியும் போட்டு, கண்மதிப்பில் ஜின்னை ஊற்றினேன். குழந்தைக்குத் தீத்தும் களி போன்ற ஒன்று கிடைத்தது. ஐஸ்கட்டி அதற்குள் புதைந்து அசையாமல் கிடந்தது. ஜின் எங்கே போனதென்றே தெரியவில்லை. தெரியாமற்போனதுதான் ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஜின் என்ற பெயரில் விற்கும் மதுவில் மதுசாரம் 37.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அதாவது இனிப்புக்குள் ஒளிந்திருந்தாலும் அது சாராயத்துக்கு இளைத்ததன்று. மாம்பழச் சாறுதானே என்று மூன்று தம்ளர் குடித்த அத்தான் சாய்மனைக்கதிரையிலேயே உறங்கிப்போக, அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இரண்டாம் முறை அளந்து செய்தேன். பழமாக அல்லாமல் செங்காயாக ஒரு மாங்காயை எடுத்து, அடித்து, தேநீர் வடியில் கரண்டியால் அழுத்தி வடித்ததில் 30 மில்லிலீற்றர், ஜின் 50, தேசிக்காய்ப்புளி 25, சீனியும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சி ஆறவைத்த பாணி 15. இவற்றை மூடி இறுகிய சில்வர் போத்தலில் விட்டு, முக்கால் பங்குக்கு ஐஸ்கட்டி போட்டு, போத்தலின் வெளிப்புறம் வியர்த்துக் கை விறைக்கும் வரை, ஏறத்தாழ 15 விநாடி, பலமாகக் குலுக்கினேன். ஐஸ்கட்டி மிகுந்தால் பானம் தண்ணீராகிவிடும் என்று முன்பு அஞ்சியிருந்தேன்; நடந்தது மறுதலை. இரண்டு கட்டி மட்டும் போட்டால் குளிர்வதற்கு முன்பே அவை முற்றாகக் கரைந்துவிடுகின்றன. நிறையப் போட்டால் விரைவில் குளிர்ந்து, வேண்டிய அளவு தண்ணீர் மட்டுமே சேர்கிறது.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். குடாநாட்டு நிலம் சுண்ணக்கல் என்பதால், அந்தத் தண்ணீரில் உறைந்த கட்டி கரைந்ததும் குவளையின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. இப்போது வடிகட்டிய தண்ணீரையே உறைய வைக்கிறேன்.

பருத்தித்துறை

மாம்பழத்தை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். அதை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை. ஜின்னுக்கு ஏற்றது கொடித்தோடை (பாஷன் ஃப்ரூட்). எங்கள் வேலியில் படர்ந்திருக்கும் கொடியிலிருந்து இரண்டு காய் பறித்தால் ஒருவருக்குப் போதும். தோல் சுருங்கிய காயாகப் பார்த்து எடுக்கவேண்டும். பளபளப்பாக இருப்பது இன்னும் புளிப்பு அடங்காதது. அதற்கே புளிப்பு இருப்பதால் தேசிக்காய்ப்புளியைப் பாதியாகக் குறைத்துவிடலாம். விதைகளை முழுவதும் வடித்துவிடாமல் ஒரு கரண்டியளவு மேலே விட்டால், குடிக்கும்போது பல்லில் நறுக்கென்று அகப்படும்.

நெல்லி கிரஷ் சேர்த்தும் பார்த்திருக்கிறேன். அதில் ஏற்கெனவே சீனி நிறைய இருப்பதால் வேறு பாணி சேர்க்கத் தேவையில்லை. 50 ஜின்னுக்கு 20 கிரஷ், மிகுதிக்குச் சோடா. முதல் மிடறு துவர்க்கும், அடுத்தது இனிக்கும்.

சிங்கப்பூரில் சில ஆண்டுகள் வேலைசெய்த என் அண்ணை, அங்குள்ள ராஃபிள்ஸ் ஹோட்டலில் நியாம் டொங் பூன் என்ற ஹைனானியர் 1915 அளவில் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சிங்கப்பூர் ஸ்லிங்கை ஒருமுறை குடித்துவிட்டு வந்து, விலையைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். அதில் சேரும் செர்ரி மதுவுக்கு இங்கே நாங்கள் எங்கே போவது? ஆனால் அதில் அன்னாசிச் சாறும் உண்டு. புதிதாகப் பிழிந்த அன்னாசிச் சாற்றை ஐஸ்கட்டியுடன் குலுக்கினால் பசும்பாலின் நுரை போல மேலே தடித்த நுரை நிற்கும். அண்ணைக்கு அந்த நுரை ஒன்றே போதுமாயிருந்தது.

சுன்னாகம்

என் அனுபவம் எச்சரிக்கையாக இருக்கட்டும். விருந்தினர் இருவருக்குப் புதுமையாகப் பரிமாறவேண்டும் என்ற ஆசையில், அம்மப்பாவின் வெண்கல மூக்குப்பேணிகளைப் பரணிலிருந்து இறக்கி, துலக்கி, தோடம்பழமும் தேசிக்காய்ப்புளியும் ஜின்னும் கலந்ததை அவற்றில் ஊற்றி, ஒரு மணித்தியாலம் குளிரூட்டியில் வைத்தேன். எடுத்துக் குடித்த நண்பர் முகத்தைச் சுளித்து, "மச்சான், சல்லிக்காசை நக்கின மாதிரி இருக்கு" என்றார். ஊற்றிக் கொட்டிவிட்டுப் பார்த்தபோது, பேணியின் உட்புறத்தில் பானம் நின்ற மட்டம் வரையில் புதுப்பேணி போல் மின்னியது. அதற்கு மேலே பழைய மங்கல் அப்படியே இருந்தது. புளி வெண்கலத்திலுள்ள செம்பைக் கரைக்கும் என்பது, புளி போட்டுப் பேணி துலக்கும் எவருக்கும் தெரிந்த செய்திதான்; எனக்கு மட்டும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. செம்புக் குவளைகளில் மது பரிமாறும் இடங்களில், உட்புறத்தில் வேறு உலோகம் பூசிய குவளைகளைப் பயன்படுத்துவதும் இதனால்தான். கண்ணாடிக் குவளையே போதும்.

நல்லூர்

இங்கு எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். போத்தல் கைக்கு வந்த கதையை எவரும் பெரிதாகச் சொல்லவில்லை. பெண்களுக்கு மது விற்கக்கூடாதென்று 1979 இல் இட்ட தடையை, 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாள்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் செய்தார். ஆகவே எனக்கு வேண்டியதை என் தம்பிதான் வாங்கி வருகிறான், அதுவும் போயா (முழுநிலா) நாளில் கடை பூட்டியிருக்கும் என்பதை மறந்து ஒருமுறை வெறுங்கையோடு வந்தான்.

நான் செய்வது நாவற்பழ ஊறல். கால் கிலோ பழத்தைக் கழுவி, ஈரம் உலர்த்தி, கத்தியால் கீறி, வாயகன்ற கண்ணாடிப் போத்தலில் போட்டு, பழம் மூடும் வரை ஜின்னை ஊற்றி, இருட்டான இடத்தில் மூன்று நாள் வைத்தேன். ஆங்கிலேயர் ஸ்லோ என்ற காட்டுப் பழத்தை இவ்வாறே ஜின்னில் சீனியுடன் மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். நாவற்பழம் அவ்வளவு பொறுமையை எதிர்பார்ப்பதில்லை. முதல் நாளிலேயே பழத்தின் நிறம் இறங்கி, இரண்டாம் நாள் கருநீலமாகி, மூன்றாம் நாள் வடித்தபோது மையூற்றிய போத்தல் போல இருந்தது. ஐந்தாம் நாள் வரை விட்ட ஒரு தடவை, துவர்ப்பு ஏறி நாக்கு மரத்துப்போயிற்று. தேசிக்காய்ப்புளி சேர்த்ததும் அந்தக் கருநீலம் கண்ணெதிரே செந்நிறமாக மாறும். அதைப் பார்ப்பதற்காகவே புளியைக் கடைசியில் விடுகிறேன்.

கோவில் திருவிழாவின் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சமும் இல்லை, மதுவும் இல்லை. ஓர் ஆண்டு நாவற்பழம் அதே காலத்தில் கனிந்துவிட்டதால், பழத்தை உறையவைத்துக் காத்திருந்தேன். உறைந்து இளகிய பழத்தின் தோல் தானாகவே வெடித்திருந்ததால் கீறும் வேலை மிச்சமாயிற்று, சாறும் அதிகமாக இறங்கியது.

கொக்குவில்

சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி போடலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். போட்டுப் பார்த்தேன்; பானம் முழுவதும் பனங்கட்டித் தண்ணீராகவே மணந்தது, ஜூனிப்பரும் மாங்காயும் இருந்த இடம் தெரியவில்லை. பனங்கற்கண்டு அப்படிச் செய்யவில்லை. இடித்து, வெந்நீரில் கரைத்து, அதே 15 மில்லிலீற்றர் விட்டால் போதும். அத்தானுக்கு அதைத்தான் கொடுத்தேன், அக்காவின் கண்முன்னே, ஒரேயொரு தம்ளர்.