கிராஞ்சி ரயில்வே கேட்டும் எம்ஆர்டியும் ஒரே பலகையில்: 9 மி.மீ. பாதையா, 12 மி.மீ. பாதையா?

ஈசூன்வாசி:

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. ஜன்னலோரம் 240 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலத்தில் ஒரு பலகை போட மனைவி சம்மதித்துவிட்டார். அதில் பழைய கிராஞ்சிப் பகுதியை மாதிரி ரயிலோடு சின்னதாகக் கட்ட வேண்டும் என்பது என் பல வருட ஆசை. கீழே ரயில்வே கேட், கேடிஎம் வண்டி, அதாவது மலேசிய ரயில். மேலே தூண்களின் மீது எம்ஆர்டி, நம் நகர ரயில்.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பா என்னைக் கிராஞ்சி எம்ஆர்டியில் இறக்கி அந்தக் கேட்டுக்கு நடத்திக் கூட்டிப்போவார். கேட் மூடியதும் என் தோளில் கை வைப்பார். கடைசிப் பெட்டி போகும்வரை எடுக்கமாட்டார். 2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பிய கடைசி வண்டியைப் பார்க்கவும் அங்கேதான் நின்றோம். அப்பா இப்போது இல்லை.

இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே அகலம் எம்ஆர்டி பாதையில் 1435 மி.மீ., கேடிஎம் பாதையில் 1000 மி.மீ. அந்த வித்தியாசம் பார்த்த உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும். என்னிடம் ஹெச்ஓ தண்டவாளம், அதாவது 1:87க்கான (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு அளவு) 16.5 மி.மீ. பாதை, கொஞ்சம் இருக்கிறது. கீழே கேடிஎம்முக்கு 9 மி.மீ. தண்டவாளம் போட்டால் போதும் என்கிறார் ஒரு கடைக்காரர். சரிவருமா?

அப்புறம், ஒரே பாதையில் மூன்று தண்டவாளம் போட்டு இரண்டு வண்டியும் நிற்கிற மாதிரி ஒரு சின்ன யார்டு வைக்கவும் ஆசை. நிஜத்தில் அங்கே அப்படி இருந்ததில்லை, தெரியும்.

பழைய மீட்டர்கேஜ்:

தம்பி, 9 மி.மீ. வேண்டாம். 9ஐ 87ஆல் பெருக்கினால் 783 வருகிறது. ஐரோப்பாவின் 750 மி.மீ. மலைப்பாதைகளுக்கு அது சரி. கேடிஎம் பெட்டியை அதில் ஏற்றினால் யானைக்கு ஆட்டுக்கால் வைத்தது போல இருக்கும். 1000ஐ 87ஆல் வகுத்தால் பதினொன்றரை. 12 மி.மீ. பாதை அதைவிட அரை மி.மீ.தான் கூடுதல். இதைத்தான் ஹெச்ஓஎம் என்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே மீட்டர்கேஜ், அதாவது 1000 மி.மீ. பாதை, என்பதால் அங்கே இதை விரும்பிக் கட்டுகிறவர்கள் நிறைய. பீக்கோ, டில்லிக் இரண்டு நிறுவனங்களிலும் தண்டவாளம் கிடைக்கும்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். டிடி தண்டவாளமும் 12 மி.மீ.தான். ஆனால் அது 1:120க்குச் செய்தது; தண்டவாளத்துக்கு அடியிலுள்ள கட்டைகள் குட்டையாக, நெருக்கமாக இருக்கும். உங்கள் 1:87 பொம்மை ஆட்கள் பக்கத்தில் நின்றால் ஒட்டவே ஒட்டாது.

மூன்று தண்டவாளம் முடியும். ரேட்டியன் ரயில்வேயிலேயே கூர் ஊருக்கும் டோமாட் எம்ஸுக்கும் நடுவே அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் இரண்டு வண்டிக்கும் பொதுவான தண்டவாளம்; மறுபக்கம் நாலரை மி.மீ. தள்ளி இரண்டு. அந்த இரண்டுக்கும் ஒரே முனையிலிருந்து கரன்ட் கொடுத்தால் நேர்பாதையில் தொல்லையே இல்லை. தொல்லை எல்லாம் பாதை பிரிகிற பாயின்ட்டில்தான். தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் கிராஸிங் ஒன்று வரவேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று வரும்; ஒவ்வொன்றுக்கும் கரன்ட்டைத் தனியாக மாற்ற வேண்டும். பிளாட்பாரம் வைத்தால் பொதுத் தண்டவாளம் அந்தப் பக்கம் இருக்கட்டும். எதிர்ப்பக்கம் வைத்தீர்கள் என்றால் மீட்டர்கேஜ் வண்டி நாலரை மி.மீ. கூடுதலாக விலகி நிற்கும். நிஜ அளவில் அது ஏறக்குறைய 40 செ.மீ. இடைவெளி!

மேம்பாலத் தூண்:

நான் மூன்று தண்டவாளத்துக்கு எதிர்க்கட்சி. கிராஞ்சியில் ஒன்று தரையில் ஓடியது, ஒன்று வானத்தில் ஓடியது. இரண்டும் தொட்டுக்கொண்டதே இல்லை. அப்பாவோடு நின்று நீங்கள் பார்த்ததும் அதுதானே? 60 செ.மீ. அகலத்தில் ஒரு யார்டைத் திணித்தால் கேட்டுக்கு முன்னால் இருந்த வெட்டவெளி போய்விடும்.

நீளத்தையும் பாருங்கள். எம்ஆர்டி பெட்டி ஒன்று 23 மீட்டர். ஆறு பெட்டி 138 மீட்டர், 1:87இல் ஏறக்குறைய 159 செ.மீ. உங்கள் பலகையில் மூன்றில் இரண்டு பங்கு! நிலையத்தை விட்டுவிட்டு மேம்பாலம் மட்டும் கட்டுங்கள். வண்டி ஒரு மூலையில் மரங்களுக்குப் பின்னாலிருந்து வந்து போகட்டும்.

ஜன்னலோரம் என்கிறீர்கள். மதிய வெயில் நேராக விழும் இடமா? நம் ஊர் ஈரத்தில் பலகை உப்பும், வெயிலில் தண்டவாளம் நீளும். என் முதல் பலகையில் இடைவெளியே விடாமல் ஒட்டினேன். இரண்டே மாதத்தில் ஒரு வளைவு பிதுங்கிக்கொண்டு வந்தது. இணைப்புகளில் கொஞ்சம் இடம் விடுங்கள்.

ஈசூன்வாசி:

இருவருக்கும் நன்றி அண்ணே. வீட்டில் பேசினேன். யார்டு வேண்டாம், 12 மி.மீ. முடிவு. கேடிஎம் உடலை நானே அட்டையில் வெட்டிச் செய்து, ஹெச்ஓஎம் சக்கரங்கள் மீது உட்கார வைக்கப் போகிறேன். கேட் ஓரம் நிற்க ஒரு பெரியவர், ஒரு பையன் உருவமும் வாங்கியாயிற்று. பெரியவர் கையைத்தான் கொஞ்சம் வளைக்க வேண்டும். கேட்டில் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் சக்கர விளிம்புக்கு எவ்வளவு பள்ளம் விட வேண்டும்?

பழைய மீட்டர்கேஜ்:

தண்டவாளத்தின் உள்பக்கம் ஒன்றேகால் மி.மீ. அகலம் விடுங்கள். சாலையின் மட்டம் தண்டவாளத் தலையைவிட ஒரு துளி தாழ்வாக இருக்கட்டும். இல்லாவிட்டால் தண்டவாளம் துடைக்கும்போதெல்லாம் சாலையின் பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும். உருவங்களைக் கடைசியில் ஒட்டுங்கள் தம்பி, துடைக்கும் கை பட்டு முதலில் உடைவது அவைதான்.