புரட்டாசியில் வந்திறங்கும் குருவிகள்

கோவை சிங்காநல்லூர் குளக்கரையில் காலை நடை, டாக்டர் சொல்லித் தொடங்கியது. சர்க்கரை குறைந்ததோ இல்லையோ, குருவிப் பித்து பிடித்துக்கொண்டது.

புரட்டாசி நெருங்கினால் காதைத் தீட்டிக்கொண்டுதான் நடப்பேன். சீமைக் கருவேலம் புதருக்குள்ளிருந்து 'சக்... சக்' என்று, யாரோ நாக்கைத் தட்டுவது மாதிரி ஒரு சத்தம். பிளைத் நாணல் கதிர்க்குருவி! பார்க்க ஒன்றுமே இல்லை. மங்கிய பழுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் வெளிறிய கோடு, எடை 12 கிராம் இருந்தாலே அதிகம். கேமராவைத் தூக்கினால் இலைதான் படத்தில் விழும். ஆனால் ஃபின்லாந்து, ரஷ்யா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, ராத்திரி ராத்திரியாகப் பறந்து இங்கே வருகிற ஜீவன் அது.

போன வருடம் தூண்டில் போட வந்த பெரியவர் ஒருவர், "முள்ளுக்குள்ள என்னங்க தம்பி தேடறீங்க?" என்றார்.

"குருவிங்க. ரஷ்யாவுல இருந்து வந்திருக்குதுங்க."

"ஏன், அங்க சோறு கிடைக்கலையாக்கும்?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னதுதான் விஷயமே. பனி கொட்ட ஆரம்பித்தால் அங்கே பூச்சிக்கு எங்கே போகும்?

எனக்கு அதைவிட நெருக்கம் பழுப்புக் கீச்சான். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, திருடன் முகமூடி மாதிரி. மதகுக்குப் பக்கத்தில் பட்டுப்போன ஒரு கிளை இருக்கிறது. மூன்று வருடமாக அதே கிளையில், தலையைத் திருப்பித் திருப்பி வாலை ஆட்டிக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒரே பறவைதானா என்று சத்தியம் செய்ய முடியாது, காலில் அடையாள வளையம் இல்லையே. ஆனால் கீச்சான்கள் போன வருடத்து இடத்துக்கே திரும்பி வருவது வளையமிட்டுப் பார்த்துத் தெரிந்த சங்கதி. ஒருமுறை வெட்டுக்கிளியை முள்ளில் குத்தி வைத்து, துண்டு துண்டாகப் பிய்த்துத் தின்றது. பத்தடி தூரத்தில் நான் நிற்பதை அது சட்டையே செய்யவில்லை.

இந்த வருடம் கிளை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் பக்கம் வந்துவிட்டதா?

* * *

சென்னையில் இன்னும் கீச்சான் கண்ணில் படவில்லை அண்ணா. எங்களுக்கு ஐப்பசியில் ஆறுமணிக்குருவிதான் விருந்தாளி. போன வருடம் விடிகாலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், மிதியடி மேல் பச்சையும் நீலமுமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அடிவயிறு மட்டும் குங்குமச் சிவப்பு. ராத்திரியெல்லாம் பறந்த களைப்பு. அம்மா பொம்மை என்றே நினைத்துவிட்டார். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டான மூலையில் வைத்தோம். தண்ணீரை வாயில் ஊற்றவில்லை, அது தப்பு. சாயங்காலம் மொட்டை மாடியில் பெட்டியைத் திறந்தோம். ஒரு நிமிடம் எங்களையே பார்த்தது. அப்புறம் பக்கத்து வீட்டு மாமரத்துக்குள் போய்விட்டது.