மாங்கா சீசன் நெருங்குது. மென்பொருள் கோட் மொத்தத்தையும் இப்போ ஃபார்மேட் பண்ணலாமா?

பர்கூரான்
கிருஷ்ணகிரியில சின்ன டீம் நாங்க. மாங்கூழ் ஃபேக்டரிகளுக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதுறோம். எடை மேடை ரசீது, கழிவு (பில்லுல பிடிக்கிற தொகை), வண்டி வாடகை, கடைசியா விவசாயிக்குப் போற பில், எல்லாம் அதுல. பைத்தான் பேக்எண்ட், ஜாவாஸ்கிரிப்ட் திரை. ஆளுக்கொரு ஸ்டைல்ல எழுதி வச்சிருக்காங்க, ரிவ்யூல பாதி நேரம் கமாவுக்கும் இடைவெளிக்கும் போகுது. கோடை ஒரே ஸ்டைலுக்குக் கொண்டு வர்ற ஃபார்மேட்டர் பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரிட்டியர். ரெண்டையும் ஒரே கமிட்ல (ஒரே மாற்றப் பதிவா) மொத்தத்துக்கும் ஓட்டிடலாம், அப்புறம் சரியில்லாத கோட் வந்தா சிஐ (கோட் சேர்க்குறப்ப சர்வர்ல தானா ஓடுற சோதனை) தடுத்துடட்டும்னு சொன்னேன். சீனியர் அண்ணா முடியவே முடியாதுங்கறார். நீங்க என்ன சொல்றீங்க?

தொப்பூர்கணவாய்
உங்க சீனியர் பக்கம்தான் நான். மே பிறந்தா நடுராத்திரியிலயும் பெங்களூரா மாங்கா லோடு வந்து நிக்கும். பில்லுல கணக்கு உதைக்குதுன்னு போன் வந்தா நான் முதல்ல திறக்கிறது கிட் பிளேம். அந்த வரியை யாரு, எதுக்கு மாத்துனாங்கன்னு தெரியணும். நீங்க மொத்தமா ஃபார்மேட் பண்ணிட்டா எந்த வரியைத் தொட்டாலும் தம்பி, உங்க பேருதான் வரும்.

ஓசூர்பஸ்
அது 2019க்கு முந்தின கவலைண்ணா. கிட் 2.23லயே பிளேமுக்கு இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல் வந்துடுச்சு. ஃபார்மேட் கமிட்டோட ஹேஷை (அடையாளக் குறியீட்டை) ஒரு கோப்புல எழுதி கான்ஃபிக்ல காட்டிட்டா, பிளேம் அதைத் தாண்டிப் பழைய ஆளைக் காட்டும். கிட்ஹப்பும் அந்தக் கோப்பைப் படிக்கும். ஒரே நிபந்தனை, அந்தக் கமிட்ல ஃபார்மேட்டிங் தவிர வேற ஒரு எழுத்தும் மாறியிருக்கக் கூடாது.

தொப்பூர்கணவாய்
சரி, பிளேம் தப்பிச்சுது. முடியாம கிடக்கிற பிராஞ்ச் (தனியா எழுதிட்டு இருக்கிற கிளை) எல்லாம்? மெர்ஜ் பண்றப்ப, அதாவது ஒண்ணா சேர்க்கிறப்ப, ஒவ்வொரு கோப்புலயும் ரெண்டு பக்க மாத்தமும் மோதி கான்ஃப்ளிக்ட். அதைக் கையால தீர்க்கிற அவசரத்துலதான் பில் கணக்கு கெடும். ஃபார்மேட்டரால இல்ல, மனுஷனால.

ஓசூர்பஸ்
அதுக்கும் வழி இருக்கு. ஃபார்மேட் கமிட்டுக்கு முந்தின கமிட் வரைக்கும் மட்டும் முதல்ல பிராஞ்சுக்குள்ள மெர்ஜ் பண்ணுங்க. பிராஞ்சுலயே அதே வெர்ஷன் பிளாக்கை ஓட்டி ஒரு கமிட் போடுங்க. அப்புறம் ஃபார்மேட் கமிட்டை 'அவர்ஸ்' ஸ்ட்ராட்டஜியில (பிராஞ்சுல இருக்கிறதையே வச்சுக்கிற முறை) மெர்ஜ் பண்ணா கான்ஃப்ளிக்டே வராது. இன்னொண்ணு, பிளாக் எழுதி முடிச்சதும் பழைய கோடோட இலக்கண மரத்தையும் புதுசோடதையும் ஒப்பிட்டுப் பார்க்கும், அர்த்தம் மாறியிருந்தா எழுதாது. நம்ம கை அப்படி சரிபார்க்குமா?

தொப்பூர்கணவாய்
எங்க கோடுல ரகம், தரம், விலைன்னு ஒரு பெரிய அட்டவணை. நெடுவரிசை நேரா நிக்கிற மாதிரி ஸ்பேஸ் தட்டி அடுக்கி வச்சது. கணக்குப்பிள்ளையே திரையில பார்த்து தப்பு கண்டுபிடிப்பார். பிளாக் அதை 88 எழுத்துக்குள்ள அடக்குறேன்னு சிதைச்சுடும்.

ஓசூர்பஸ்
மேல 'எஃப்எம்டி ஆஃப்', கீழ 'எஃப்எம்டி ஆன்' போட்டா தொடாது. பிரிட்டியருக்கு 'பிரிட்டியர்-இக்னோர்'. ரெண்டு வரி கமென்ட்தான்.

கெலமங்கலம்_அக்கா
ரெண்டு பேரும் ஃபார்மேட்டரைப் பிடிச்சுக்கிட்டே சண்டை போடுறீங்களே, கோடுல பிழை தேடுற லின்டரைப் பத்தி ஒருத்தரும் பேசல. லின்டுங்கறது அழகுக்கு வந்ததே இல்ல. 1978ல பெல் லேப்ஸ்ல ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்கு எழுதுனப்பவே, கம்பைலர் விட்டுடுற சந்தேக இடங்களைக் காட்டத்தான் எழுதினார்.

பர்கூர் தம்பி, உங்க பில் ஃபங்ஷன்ல 'கழிவுகள்' அளவுருவுக்கு இயல்பு மதிப்பா ஒரு வெறும் லிஸ்ட் இருக்கான்னு பாருங்க. பைத்தான்ல அந்த லிஸ்ட் ஃபங்ஷனை வரையறுக்கிறப்ப ஒரு தடவைதான் உருவாகும். கழிவு எதுவும் கொடுக்காம கூப்பிடுற எல்லாரும் அதே லிஸ்ட்டைத்தான் பங்கு போட்டுக்கணும். அதுக்குள்ள முதல் விவசாயியோட வண்டி வாடகையைச் சேர்த்தீங்கன்னா ரெண்டாவது ஆள் பில்லுலயும் அது கழியும். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணா சரியான மாதிரி தெரியும், அதனால டெஸ்ட்ல சுலபமா மாட்டாது. பிளாக்குக்கு இது கண்ணுலயே படாது, அழகா அடுக்கி வச்சுட்டுப் போயிடும். ரஃப்ங்கற பைத்தான் லின்டர்ல 'பி' தொகுப்பு விதிகளைச் சேர்த்தா வரி எண்ணோட காட்டிக் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஈஎஸ்லின்ட். சீசனுக்கு முன்னாடி வேணும்னா இதைப் போடுங்க. விவசாயி காசு சம்பந்தப்பட்டது.

தொப்பூர்கணவாய்
அக்கா சொல்றதை ஏத்துக்கிறேன். ஆனா பழைய கோடுல லின்டரை ஓட்டினா எச்சரிக்கை மழையாக் கொட்டும். பசங்க வரிக்கு வரி 'நோக்யூஏ' (இந்த வரியை விட்டுடுன்னு லின்டருக்குச் சொல்ற கமென்ட்) போட்டு வாயை அடைச்சுடுவாங்க. நான் பார்த்த ஒரு ஆபீஸ்ல அதான் நடந்துச்சு.

கெலமங்கலம்_அக்கா
அதுக்குத்தான் எல்லா விதியையும் திறந்து விடாதீங்கன்னு சொல்றது. பிழை பிடிக்கிற நாலஞ்சு விதி போதும். தானா திருத்துற வசதியிலயும் ரஃப் பாதுகாப்பானது, பாதுகாப்பில்லாததுன்னு பிரிச்சு வச்சிருக்கு. ரெண்டாவதை நீங்களா கேட்டாத்தான் செய்யும், பில் கோடுல கேட்காதீங்க.

ஓசூர்பஸ்
கூடவே இதையும் பார்த்துக்கங்க. பிளாக்கோட ஸ்டைல் மாத்தம் வருஷத்துக்கு ஒரு தடவை, ஜனவரியில வரும். வெர்ஷனைப் பூட்டி வைக்கலைன்னா பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்தா சிஐ முழுக்க சிவப்பா இருக்கும். விண்டோஸ் மெஷின் இருந்தா கிட்-ஆட்ரிபியூட்ஸ்ல வரி முடிவை எல்எஃப்னு எழுதிடுங்க, இல்லைன்னா பிரிட்டியர் எல்லாக் கோப்பையும் குறை சொல்லும். கமிட் ஹூக்கை (கமிட் போடுறப்ப நம்ம மெஷின்லயே ஓடுற சோதனை) மட்டும் நம்பாதீங்க, 'நோ-வெரிஃபை'ன்னு தட்டினா அதைத் தாண்டிடலாம். வாசல் சிஐலதான் இருக்கணும்.

பர்கூரான்
அக்கா, தேடிப் பார்த்தேன். வெறும் லிஸ்ட் ரெண்டு ஃபங்ஷன்ல இருக்கு, அதுல ஒண்ணு கழிவு. சீனியர் அண்ணாகிட்ட காட்டினேன், ரஃபை நாளைக்கே சிஐல போடச் சொல்லிட்டார். ஃபார்மேட் கமிட் மட்டும் ஆகஸ்ட்லதானாம்.

தொப்பூர்கணவாய்
ஆகஸ்ட்ல பண்ணுங்க, தடுக்கல. விலை அட்டவணைக்கு 'எஃப்எம்டி ஆஃப்' போட்டாச்சான்னு பார்த்துட்டுப் பண்ணுங்க.

ஓசூர்பஸ்
அது வரைக்கும் ரிவ்யூல கமா சண்டைதானாண்ணா?

தொப்பூர்கணவாய்
சண்டை எதுக்கு? ஜூலை வரைக்கும் கமாவைப் பத்திப் பேசக் கூடாதுன்னு டீம்ல சொல்லிடுங்க.