புதுப்பிப்பு: முடக்குவாதக் கையோடு அலுவலக வேலை

முடக்குவாதத்தால் காலையில் விரல்கள் மடங்குவதில்லை, தட்டச்சு வேலையை எப்படிச் சமாளிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை தொடங்கும் நேரத்தைத் தள்ளிக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். விறைப்பு தளர்ந்த பிறகே கணினி முன் உட்காருகிறேன். நீளமான மின்னஞ்சல்களுக்குக் குரல்வழித் தட்டச்சு.

பெரிய மாற்றம் தொழில்வழிச் சிகிச்சையாளரை, அதாவது அன்றாட வேலைகளைச் சிரமமில்லாமல் செய்யக் கற்றுத்தருபவரை, பார்த்த பிறகுதான். முன்பெல்லாம் கனமான அலுவலகக் கோப்புகளைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கிள்ளித் தூக்குவேன். இப்போது இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொள்கிறேன். நாற்காலியிலிருந்து எழும்போது விரல்களை ஊன்றாமல் முன்கையை ஊன்றச் சொன்னார். விரல்களைச் சுண்டுவிரல் பக்கம் தள்ளுகிற அழுத்தம் எதுவும் கூடாதாம். பேனாவுக்கு ரப்பர் உறை போட்டுத் தடிமனாக்கியாயிற்று.

அப்புறம், கைப் பயிற்சி செய்தால் மூட்டு கெடுமா என்று ஒருவர் பயந்தார். பயப்பட வேண்டாம். பிரிட்டனில் முடக்குவாதம் உள்ள 490 பேரிடம் நடந்து 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சாரா ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு நீட்டல், வலுவூட்டல் பயிற்சிகளும் செய்தவர்களுக்குக் கைச் செயல்பாடு கூடுதலாகவே மேம்பட்டது. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் மட்டும் வலுவூட்டலை விட்டுவிடுகிறேன்.

மணிக்கட்டுப் பட்டை தட்டச்சுக்கு எனக்கு இடைஞ்சல்தான். பாரம் தூக்கும்போது மட்டும் போடுகிறேன். மருந்தை நிறுத்தவில்லை, நீங்களும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.