மறு: நிக்ஸ்டமலைசேஷன் – நீறூட்டல் எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மக்காச்சோள மாவை உறையில் பொதிந்து அவிக்கும் மெக்சிகோப் பண்டமான தமாலேவுக்குத் தமிழ் என்ன என்று தொடங்கிய இழை, சோளக் கொழுக்கட்டையா இலைக் கொழுக்கட்டையா என்று நான்கு நாளாகச் சுற்றுகிறது. பண்டத்தின் பெயரை விட்டுவிடுவோமே. பீட்சா பீட்சாவாகவே வந்ததுபோல் இதுவும் தமாலேவாகவே வரட்டும். (தமாலேக்கும் தமிழுக்கும் உறவு காட்டப் புறப்பட்டவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.) நமக்குச் சொல் வேண்டியது அதற்கு முந்தைய வேலைக்கு. காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவிட்டு ஊறவைக்கிறார்களே, அந்த நிக்ஸ்டமலைசேஷனுக்கு.

> நிக்ஸ்டமலாக்கம் என்று ஒலிபெயர்த்துவிட்டால் போதாதா?

போதாது ஐயா. "சோளத்தை நிக்ஸ்டமலாக்கம் செய்யவும்" என்று குறிப்பில் எழுதினால், படிப்பவர் அடுப்பைப் பற்றவைப்பாரா, மிக்ஸியை எடுப்பாரா? இப்போதே குழப்பம்தான். இப்படிப் பதப்படுத்திய சோளத்தை அரைத்து உலர்த்திய பொடியான மாசா ஹரினாவைச் "சோள மாவு" என்று எழுதிவிடுகிறார்கள். வாங்கப் போனவர் கடையில் கார்ன் ஃப்ளோரோடு திரும்புகிறார். நம்மூர்க் கார்ன் ஃப்ளோர் வெறும் ஸ்டார்ச். அதை வைத்துத் தமாலே பிடித்தால் கஞ்சிதான் மிஞ்சும். சாதாரண மக்காச்சோள மாவும் உதவாது, தண்ணீர் விட்டால் உதிரும்.

சொல் செய்முறையிலிருந்து பிறக்கட்டும் என்பது என் கட்சி. எனவே செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ முற்றிக் காய்ந்த மக்காச்சோளம் (ஸ்வீட் கார்ன் ஆகவே ஆகாது), சுமார் 10 கிராம் உண்ணத் தகுந்த நீற்றிய சுண்ணாம்புப் பொடி, மூன்று லிட்டர் தண்ணீர். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு பக்கமே போகவேண்டாம். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும்; எவர்சில்வர் நல்லது. சுண்ணாம்பைக் கரைத்துச் சோளத்தைக் கொட்டிச் சூடேற்றினால், வெள்ளைச் சோளம்கூட மஞ்சள் ஏறும். கொதி வந்தபின் சிறுதீயில் முக்கால் மணி நேரம். பிறகு அடுப்பை அணைத்து, மூடி, இரவு முழுக்க அப்படியே விட வேண்டும். காலையில் ஒரு மணியை எடுத்து இரு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். மேல்தோல் கொழகொழவென்று வழுக்கிக் கையோடு வரும். மணியை நகத்தால் பிளந்தால் நடுவில் மட்டும் சுண்ணக்கட்டி மாதிரி வெள்ளைப் பொட்டு தெரியும். அதுதான் பதம். கழுவி அரைத்தால் பிசைய வரும்.

காரணம் எளிது. தோலை மணியோடு பிடித்து வைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற நார்ப்பொருளைச் சுண்ணாம்பின் காரம் (உறைப்பல்ல, ஆல்கலி) கரைத்துவிடுகிறது. ஸ்டார்ச் ஓரளவு உப்புகிறது. அதனால் மாவு ஒட்டுகிறது. கூடவே, சோளத்தில் உடம்புக்கு எட்டாமல் பிணைந்து கிடக்கும் நியாசின் (வைட்டமின் பி3) விடுபடுகிறது. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சோளத்தைக் கொண்டுபோனார்கள், இந்த வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். சோளமே சோறாகிப்போன ஏழைகளுக்கு நியாசின் குறைவால் பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் மருத்துவர் காஸ்பர் கசால் அந்த நோயைக் குறித்தது 1735-இல். நியாசின் அதைத் தீர்க்கும் என்று தெளிந்தது 1937-இல். இவ்வளவு கனமுள்ள ஒரு வேலைக்கு நம்மிடம் ஒரு வினைச்சொல் இல்லை.

> காரப்பதனம்?

பாடநூல் கணக்குக்குச் சரி. ஆனால் மெக்சிகோச் சமையல் பக்கத்தில் "காரச் சோளம்" என்று போட்டால் எல்லாரும் மிளகாயைத்தான் தேடுவார்கள். தள்ளுபடி.

> சுண்ணாம்பு வேவு (வேகவைத்தல்)?

இது எனக்கும் பிடித்தது. ஆனால் பாதி வேலை அடுப்பை அணைத்த பின் நடக்கிறது, வேவு அதை மறைக்கிறது. இன்னொன்று, சுண்ணாம்பு மட்டுமே வழியல்ல. வட அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்கள் நீலச் சோளத்துக்கு ஜூனிப்பர் மரச் சாம்பலைப் பயன்படுத்துகிறார்கள். சாம்பலும் காரம்தான். நம் சொல் இரண்டையும் அணைக்க வேண்டும்.

அப்படி அணைக்கும் சொல் ஒன்று கையிலேயே இருக்கிறது: நீறு. சாம்பலும் நீறு, பூத்த சுண்ணாம்பும் நீறு. சுண்ணாம்பை நீற்றுவது என்று கொத்தனாரும் சொல்கிறார். மூலச் சொல்லைப் பாருங்கள். மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான நாவாட்டிலில் நெஷ்ட்லி என்றால் சாம்பல், தமல்லி என்றால் சோளமாவுப் பண்டம். சுண்ணாம்பு போட்டுச் செய்தாலும் அவர்கள் சாம்பலின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். (நீறு, நெஷ்ட்லி: ஒலி ஒற்றுமை தற்செயல். யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம்.)

ஆகவே நீறூட்டு, நீறூட்டல். நிறமூட்டு, செறிவூட்டு வரிசையில் உட்காரும். நீற்றூட்டல் என்று இரட்டிக்க வேண்டாமா என்று கேட்ட நண்பருக்கு: சோற்றூட்டு என்கிறோமா? சோறூட்டுதானே. பெயரோடு பெயர் சேரும்போது இரட்டிக்கட்டும், ஆற்றுநீர் போல. அப்படியானால் பதமான சோளம், அவர்கள் நிக்ஸ்டமால் என்பது, நீற்றுச்சோளம். திருநீறு நினைவுக்கு வரும் என்ற அச்சம் எனக்கில்லை. நீற்றுப்பூசணி என்னும்போது யார் கோயிலை நினைக்கிறார்கள்?

> சோளம் ஊறியபின் மிஞ்சும் நெஹயோத்தே என்ற மஞ்சள் நீருக்கு "நீற்றுக்கழுநீர்"

இதை மட்டும் கடுமையாக எதிர்க்கிறேன். கழுநீர் என்றதும் நம் வீட்டில் அது மாட்டுத் தொட்டிக்குப் போகும். இது கடுங்காரம், மெக்சிகோவின் சோள அரவை ஆலைகளுக்கே இதை எங்கே விடுவது என்பது தலைவலி. "நீற்றுவடி" என்றால் வடித்துக் கொட்டவேண்டியது என்று தெரிந்துவிடும்.

இதற்குப் பிறகு தமாலே பெரிய வித்தையில்லை. பன்றிக்கொழுப்பை நுரைக்க அடித்து, அதில் மாவையும் இறைச்சிச் சாற்றையும் சேர்த்து அடிக்க வேண்டும். ஒரு துளி மாவு தண்ணீரில் மிதந்தால் போதும். ஊறவைத்த சோளக்கதிர் உறையில் பூசி, உள்ளே கறி வைத்து மடித்து, திறந்த முனை மேலே இருக்க நிறுத்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவியில் வேகவிடுவார்கள். தென் மெக்சிகோவின் ஓஹாகாவில் வாழையிலையிலும் கட்டுவார்கள். பானையடியில் ஒரு நாணயம் போட்டு வைப்பது மெக்சிகோவில் வழக்கம். தண்ணீர் இருக்கும்வரை அது கடகடக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது.

எனக்கு முடிவு தெரியாத இடம் ஒன்றுதான். தமிழில் பொடியும் மாவு, பிசைந்ததும் மாவு, இட்லிக்கு அரைத்ததும் மாவு. மாசா என்பது நீற்றுச்சோளத்தை அரைத்த ஈர மாவு, மாசா ஹரினா அதை உலர்த்திப் பொடித்தது. ஈரத்தை "நீற்றுமாவு" என்றும் பொடியை "உலர் நீற்றுமாவு" என்றும் வைக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் கடைப் பொட்டலத்தில் அச்சாகப் போவது பொடியின் பெயர்தான், சின்னச் சொல்லை அதற்குக் கொடுப்பதல்லவா முறை? இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். மற்ற மூன்றுக்கும் (நீறூட்டல், நீற்றுச்சோளம், நீற்றுவடி) ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் நம் சொல் தொகுப்பில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்