பாட்டி டி-யா, வண்டி டி-யா?

மூன்றாம் வகுப்புக்கு டிக்டேஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன். எலிஃபன்ட் என்று சொன்னதும் ஒரு பையன் நாலே எழுத்தில் முடித்துவிட்டு பென்சிலைக் கீழே வைத்தான். எட்டிப் பார்த்தால் எல், எஃப், என், டி. வழக்கமாக என்றால் சிவப்பு மையில் சுழித்து, ஐந்து தடவை எழுதிவரச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு என்னவோ, "எப்படிப்பா இப்படி எழுதின?" என்று கேட்டேன். எழுத்து எழுத்தாக விரல் வைத்து, "எல்... எஃப்... என்... ட், டீச்சர்" என்று வாசித்துக் காட்டினான். எழுத்தின் பெயரையே ஒலியாக எடுத்துக்கொண்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான்! இத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகளிடம் இதைக் கேட்காமல் விட்டேனோ என்று மனசு கஷ்டப்பட்டது.

அப்புறம் நோட்டுகளைத் திருத்தும்போது காரணம் தேட ஆரம்பித்தேன். எங்கள் பிள்ளைகள் தமிழ் வழியில் படிப்பவர்கள். ஸ்கூல் என்பதை ஐ போட்டுத் தொடங்குவார்கள். வீட்டில் அது இஸ்கூல்தானே. பேக் என்று சொன்னால் பென்சிலுக்குப் போடுகிற பி வந்துவிடும். தமிழில் இரண்டு பி-க்கும் ஒரே ப. ஆனால் அந்த இரண்டு ஒலியும் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. அப்பாவில் வரும் ப-வையும் அம்பில் வரும் ப-வையும் சொல்லிப் பாருங்கள். பாட்டி, வண்டி. அக்கா, அங்கே. கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னால் 'அம்பு'க்கு அதிர்வு விடாமல் ஓடும், 'அப்பா'வுக்கு நடுவில் நின்று வரும். ஒரு வாரம் முழுக்க வகுப்பில் இதே விளையாட்டுதான்.

சின்ன பி-யையும் (b) சின்ன டி-யையும் (d) திருப்பிப் போடுவது வேறு, அது ஒலியில் இல்லை, எழுத்தின் உருவத்தில் வரும் குழப்பம். ஆறேழு வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு, பெரும்பாலும் போகப் போகச் சரியாகிவிடும். அதற்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள், தயவுசெய்து.

நைஃப் போல, முன்னால் சத்தம் இல்லாத கே நிற்கும் சொற்களை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். பழைய காலத்தில் அந்த கே-யையும் சேர்த்தே உச்சரித்தார்கள் என்று சொன்னேன். நாள் முழுக்க 'க்நைஃப், க்நைஃப்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அந்தச் சொல்லை இப்போது ஒருவரும் தப்பாக எழுதுவதில்லை.

போன வாரம் டக் என்று சொன்னேன். முதல் பெஞ்சில் ஒரு பெண் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "வண்டி டி-தானே, டீச்சர்?"